ஒருமுறை திருப்பி அனுப்பிய லோடு

தொலைபேசி அடித்தால் ராஸ் முதலில் சொல்லும் சொல் "கொண்டுவா" என்பதுதான். யார் பேசுகிறார்கள், என்ன சரக்கு, எவ்வளவு என்று எதையும் கேட்கமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து நோரீன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, இன்னொரு கையில் தொலைபேசி, வாயில் "கொண்டுவா". ஒருமுறை கூப்பிட்டது பல் மருத்துவரிடம் வேலை செய்யும் பெண். அவளுக்கும் அதே பதில்தான்.

அப்படி வந்து அந்தப் பண்ணை முற்றத்தில் இறங்கியவை கொஞ்சநஞ்சமல்ல. பட்டாணி அறுத்தபின் மிஞ்சும் கொடி, ப்ரோக்கோலித் தண்டு, கடைக்குப் போக லாயக்கில்லாத கோணல் உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேரட். வெங்காயம் ஒரே ஒருமுறை வந்தது. ராஸ் அதைக் காலைக் கறவைக்கு முன்னால் மாடுகளுக்குப் போட்டுவிட்டார். பால் எடுக்க வந்த டேங்கர்காரர் தொட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார், மூடினார், குழாயை மாட்டாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தொட்டிப் பால் முழுவதும் மேய்ச்சல் நிலத்தில் ஓடியது. கறந்த பிறகு போட்டிருக்க வேண்டும் என்பதுதான் ராஸ் அதிலிருந்து கற்றுக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

கேரட் லாரி ஓட்டும் மெர்வ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். டாஸ்மேனியாத் தீவில் அபின் எடுக்கும் கசகசாச் செடியும் நிறைய விளைகிறது. "அது ஒண்ணுதான் ராஸ் இன்னும் வாங்கல. அதையும் கொண்டாந்து கொட்டினா மாடெல்லாம் நின்னுக்கிட்டே தூங்கும், உங்களுக்கும் கறவை வேலை மிச்சம்" என்பான்.

டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், ஃபோர்த் ஆற்றுக்கு மேலே உள்ள செம்மண் மேட்டில்தான் அவர்கள் பண்ணை. ஜெர்சி மாடுகள் ராப்பகலாக வெளியிலேயே மேயும். வசந்தத்தில் புல் முழங்கால்வரை வளர்ந்து நிற்கும், அறுத்துக் கட்டிவைக்க ஆள் போதாது. கோடை உச்சமான பிப்ரவரி வந்தால் அதே மேடு பிஸ்கோத்து நிறத்துக்கு மாறிவிடும். ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. இருப்பது ஒரு குட்டை. ஆகவே கோடை முடிவிலிருந்து மே மாதம் கறவையை நிறுத்தி மாடுகளை வற்றவிடும்வரை பால் குறையாமல் ஓட்டுவதற்கு, அக்கம்பக்கத்துக் காய்கறிப் பண்ணைகள் ஒதுக்கித் தள்ளுவதைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் முதலிடம் கேரட்டுக்கு. மேட்டின் அடிவாரத்தில் கேரட்டைக் கழுவித் தரம்பிரிக்கும் பெரிய கொட்டகை இருக்கிறது. இரட்டை வால் விட்டது, உடைந்தது, தடித்துப்போனது எல்லாம் பின்பக்கம் வந்து விழும். மெர்வ் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவான்.

காசு கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். கொட்டகைக்காரர்களுக்கு வேண்டியது லாரி காலியாகத் திரும்புவது மட்டுமே. எந்த நாளில் வந்தாலும் எவ்வளவு வந்தாலும் முகம் சுளிக்காமல் யார் வாங்கிக்கொள்கிறாரோ, லோடு அவருக்கு. ஒருநாள் வேண்டாம் என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் திரும்பி வராது. ராஸ் பன்னிரண்டு வருடம் வேண்டாம் என்று சொல்லாமல் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

காப்பாற்றியது அவர், அள்ளியது நோரீன். பச்சைப் புல் இருக்கும் மாதங்களில் மாடுகள் கேரட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லோடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். குவியலின் அடி அழுகி, ஆரஞ்சு நிறத்தில் சாறு வடிந்து, கறவைக் கொட்டகை வாசல்வரை ஓடும். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவள் வேலை. குவியலில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு, கிழிந்த ரப்பர்க் கையுறை, இவை மாட்டின் வயிற்றுக்குள் போய்விடக்கூடாதே என்று குனிந்து பொறுக்குவதும் அவள்தான். ஒருமுறை யாருடைய மூக்குக்கண்ணாடியோ கிடைத்தது. கழுவிச் சன்னல் விளிம்பில் வைத்தாள். கேட்டு ஒருவரும் வரவில்லை.

நோரீன் அதிகம் பேசுகிறவள் இல்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டாணிக் கொட்டகையில் தரம்பிரிக்கப் போனாள். ஓடும் பட்டையின் ஓரத்தில் நின்று வேண்டாததைப் பொறுக்கி எறியும் வேலை. இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் பேசமுடியாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி மேட்டுக்கு வந்த பிறகும் பேச வேண்டிய இடங்களில் ராஸ் பேசினார். தரகர், டேங்கர்காரர், ஊர் மண்டபத்துக் கூட்டம் எல்லாம் அவர் பாடு. அவள் மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். யார் என்ன சொன்னார்கள், சொல்லும்போது எங்கே பார்த்தார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்து தனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று ஓர் அந்நியரிடம் சொன்ன நினைவு அவளுக்கு இல்லை.

அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில், உறைபனியில், டிராக்டர் படியிலிருந்து ராஸ் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பட்டணத்து மருத்துவமனையில் அறுவை செய்து, நடக்கப் பழக்குவதற்கென்று பல வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் மாடுகள் கன்று ஈனத் தொடங்கின. மழை நிற்கவில்லை. மாலைக் கறவைக்கு அடுத்த சாலையிலிருந்து ஒரு கூலிக்காரப் பெண் வந்துபோனாள். மற்றதெல்லாம் நோரீன் தலையில்.

அந்த மாதத்தில்தான் கேரட் அறுவடை மும்முரம். மெர்வ் தினமும் வந்தான். பாதை சேறாகி லாரிச் சக்கரம் அச்சுவரை இறங்கியது. முற்றத்தில் புதிதாகக் கொட்ட இடமில்லாமல் பழைய குவியலின் மேலேயே கொட்டினான். அது சரிந்து மாடுகள் வரும் வழியில் உருண்டது. தலைச்சன் ஈன்று இரண்டு நாள்கூட ஆகாத ஒரு மாடு கேரட்டை மிதித்து வழுக்கி, கால்களை விரித்தபடி விழுந்தது. எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். துப்பாக்கியோடு ஒருவர் வந்து அதை முடித்துவைத்தார்.

மறுநாள் காலை லாரிச் சத்தம் கேட்டதும் நோரீன் வாசல் கதவண்டை போய் நின்றாள். கதவைத் திறக்கவில்லை. ராஸ் இல்லாததிலிருந்து மெர்வ் அவளை பாஸ் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

"பாஸ், கதவைத் திறந்துட்டு ஓரமா நில்லு. ரிவர்ஸ்ல வரணும்."

"இன்னைக்கு வேண்டாம், மெர்வ்."

மெர்வ் எஞ்சினை அணைத்தான். இத்தனை வருடத்தில் அவன் அந்த வாசலில் எஞ்சினை அணைத்து அவள் பார்த்ததில்லை.

"என்ன சொன்ன?"

"கொட்ட இடமில்ல. நேத்து கொட்டினதே அப்படியே கெடக்கு. மாடு ஒண்ணு போயிடுச்சு. இந்த வாரம் வேண்டாம்னு கொட்டகையில டெரிகிட்ட சொல்லிடு."

"ராஸுக்குத் தெரியுமா இது?"

"ராஸா வந்து அள்ளப்போறது?"

மெர்வ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தனக்கு ஒன்றுமில்லை என்றும், ஆனால் இதை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகமுடியாது, எங்கேயாவது கொட்டித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னான். லாரி இறக்கத்தில் போனது. இரண்டாவது வளைவில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கேரட் சரசரவென்று சரிந்து விழும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அது க்ளைவின் வாசல். க்ளைவ் கறிக்காகக் காளை வளர்க்கிறவர். அவருக்குக் கறவையும் கிடையாது, கன்று ஈனும் கவலையும் கிடையாது. மெர்வ் லாரியை நிறுத்தியதும் அவர் வெளியே வந்து, நாளைக்கும் கொண்டுவா, நாளன்றைக்கும் கொண்டுவா என்றாராம். மெர்வே பிறகு சொன்னான்.

நோரீன் எதையும் மறைக்கவில்லை. சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனபோது, போர்வையைச் சரிசெய்துகொண்டே ராஸிடம் சொன்னாள். ராஸ் அவள் கையிலிருந்து போர்வையை இழுத்துக்கொண்டார்.

"டெரி வாரக் கணக்குப் பாக்கிறவன் இல்ல, நோர். போனா போனதுதான். பன்னெண்டு வருஷம் வாயைத் திறக்காம நான் எதுக்கு வாங்கிக்கிட்டு இருந்தேன்னு நெனச்ச?"

"வாங்கினது நீ. அள்ளினது நான்."

செவிலி மாத்திரையோடு வந்ததால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். செவிலி போன பிறகும் மறுபடி தொடங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் நோரீனுக்கு ஒன்று உறைத்தது. மாடு போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த மாடு என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை லாரி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தொலைபேசியில் பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. ஆனாலும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவன், டெரி கூப்பிடுவார் என்று கத்தினான். டெரி அங்கே மேற்பார்வை பார்க்கிறவன். அவன் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட அவளால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. முற்றத்தைக் கழுவினாள். பழைய குவியலை டிராக்டரால் தள்ளி நிலத்தில் பரப்பினாள். பல வருடத்துக்குப் பிறகு சிமெண்டுத் தரை கண்ணுக்குத் தெரிந்தது.

ராஸ் கைத்தடியோடு வீடு திரும்பியபோது வசந்தம் வந்திருந்தது. புல் பெருகிக் கிடந்தது. மாடுகள் மடி கனத்து நடந்தன. கேரட் பேச்சே வரவில்லை. வராததே ஒரு மாதிரி இருந்தது.

ஜனவரி முழுக்கத் துளி மழை இல்லை. பிப்ரவரியில் மேடு வெளுத்தது. குளிர்காலத்துக்கென்று கட்டிவைத்திருந்த உலர்புல்லைக் கோடையிலேயே பிரிக்க ஆரம்பித்தார்கள். பால் தொட்டியில் மட்டம் இறங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு விரல், அரை விரல் என்று இறங்கியது. மற்ற வருடங்களில் இந்த நேரத்தில் காலைக் கறவை முடிந்ததும் வேலிக் கம்பிக்கு அடியில் கேரட்டை நீளமாகப் பரப்புவார்கள். மாடுகள் வரிசையாகத் தலையைக் குனிந்து நொறுக்கும். பால் குறையாமல் நிற்கும், பாலாடை மஞ்சள் பூத்திருக்கும். இப்போது மாடுகள் கறவை முடிந்து வெளியே வந்து அந்த வேலிக் கம்பியோரம் நின்று கத்தின. கீழேயிருந்து காற்று அடிக்கும் நாளில் இன்னும் மோசம். க்ளைவ் வாசலிலிருந்து கேரட் வாசனை மேலே ஏறி வந்தது. மாடுகள் அந்தப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டு, இருக்கிற புல்லையும் மேயாமல் நின்றன.

ராஸ் டெரியைக் கூப்பிட்டார். அவர் "கொண்டுவா" என்று சொல்லாமல் தொலைபேசியில் பேசியதை நோரீன் அன்றுதான் கேட்டாள். கேட்க நன்றாக இல்லை. எதிர்முனையில் டெரி மரியாதையாகத்தான் பேசினான். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். லோடு பற்றிக் கேட்டதும், க்ளைவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார், ஒரு நாளும் முனகியதில்லை, நன்றாக ஓடுகிற ஏற்பாட்டை எதற்குக் கலைப்பது என்றான்.

ராஸ் தொலைபேசியை வைத்தார். "நீயே க்ளைவ்கிட்ட கேட்டுப் பாரேன்" என்றாள் நோரீன்.

"அவன்கிட்டயா?"

காரணம் இருந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன் ஊர் மண்டபத்தில் ஒரு விருந்தில் க்ளைவ் நாலு பேர் முன்னால், ராஸ் வீட்டு மாடு புல்லை நேரில் பார்த்ததே இல்லை, குப்பைத்தொட்டியிலேயே வளர்ந்தது என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ராஸும் சிரித்தார். அன்றோடு க்ளைவிடம் பேச்சை நிறுத்தினார். இப்போது அதே குப்பை க்ளைவின் வாசலில் மலையாகக் கிடந்தது. அங்கே போய்க் கையேந்துவதைவிட மாட்டை விற்றுவிடலாம் என்றார் ராஸ்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இருக்கிற உலர்புல் எல்லா மாட்டுக்கும் குளிர்காலம்வரை வராது. ஒன்று மார்ச்சிலேயே மொத்தத்தையும் வற்றவிட்டு, அதற்குப் பிறகு வரவேண்டிய பாலை இழக்கவேண்டும். இல்லையென்றால் கொஞ்சத்தை விற்று, மிஞ்சியதற்காவது தீனி போடவேண்டும். ராஸ் தரகரைக் கூப்பிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் லாரி வரும் என்று பேச்சு முடிந்தது. எந்த மாடுகளை ஏற்றுவது என்று பார்த்துச் சொல்லும் வேலையை நோரீனிடம் விட்டார்.

அந்த மூன்று வாரமும் நோரீன் க்ளைவின் வாசலைத் தாண்டாத நாளில்லை. கடைக்கு, தபாலுக்கு, மருந்துக்கு என்று ஏதாவது ஒன்றுக்குக் கீழே போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வளைவில் வண்டியை மெதுவாக்குவாள். குவியலில் பாதியைக் காளைகள் மிதித்துக் கூழாக்கியிருந்தன. மேலே உள்ளது வெயிலில் சுருங்கிக் கறுத்திருந்தது. அதன்மேல் மெர்வ் புதிதாகக் கொட்டியிருப்பான். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். உள்ளே போய்க் கேட்டால் என்ன? ஒரு வாக்கியம்தான். வண்டிக்குள் இருந்தபடியே சொல்லிப் பார்ப்பாள். க்ளைவ், அந்தக் கேரட்டில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா? சொல்லும்போதே அவர் மண்டபத்தில் சிரித்த சிரிப்பு காதில் விழும். கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். வீட்டுக்கு வந்ததும் ராஸிடம் எரிந்து விழுவாள். ராஸும் அவளிடம் எரிந்து விழுவார். அன்றைக்கு அந்த ஒரு லோடை வாங்கிப் போட்டிருந்தால் என்ன என்பார். நீயே போய் உன் வாயால் கேட்டால் என்ன என்பாள். இரண்டு பேரும் சொல்வது சரி என்பதால் யாரும் ஜெயிக்கவில்லை.

லாரி வரும் நாளும் வந்தது. ஒன்பது மாடுகளை ஒதுக்கியிருந்தாள். எட்டு மாடு போவதில் அவளுக்குச் சமாதானம் உண்டு. சினை பிடிக்காதது, மடி நோய் திரும்பத் திரும்ப வருவது, இப்படி. ஒன்பதாவது மேவிஸ். வயதான மாடு, பால் பாதியாகிவிட்டது, மெதுவாக நடக்கும். தீனிக்குத் தட்டுப்பாடில்லாத வருடமாக இருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டாள். மேவிஸ் முன்னால் நடந்தால்தான் மற்ற மாடுகள் கறவைக்கு வரும். லாரியின் சரிவுப் பலகையிலும் அதுதான் முதலில் ஏறியது. மற்ற எட்டும் அதன் பின்னால் ஏறின. லாரிக்காரர், நல்ல பழக்கமான மாடு, வேலையே வைக்கவில்லை என்று பாராட்டினார்.

மறுநாள் காலைக் கறவை முடிந்து கையைக் கழுவியதும் நோரீன் உடை மாற்றாமல், ரப்பர்க் காலணியோடு வண்டியில் ஏறி, க்ளைவின் வாசலில் நிறுத்தி இறங்கினாள். முதல்நாள் இரவு எதையும் மனதில் சொல்லிப் பார்க்கவில்லை. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு சலிப்பு.

க்ளைவ் மண்வெட்டியோடு குவியலின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "என்ன நோரீன், வழி தவறிட்டியா?"

"இந்தக் கேரட்டுல கொஞ்சம் எடுத்துக்கலாமா? மாட்டுக்கு."

க்ளைவ் குவியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மண்வெட்டியை ஊன்றினார்.

"கொஞ்சமா? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ. என் காளைங்க பின்பக்கத்தைப் பாத்தியா? ஒரு மாசமா கழிச்சல். தினம் இவ்வளவு தின்னா மனுஷனுக்கே பேதி பிடுங்கும்."

"பின்ன ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"நீ வேண்டாம்னு சொல்லி என்ன ஆச்சுன்னு இந்தச் சாலைக்கே தெரியுமே."

க்ளைவ் பேசிக்கொண்டே போனார். குளிர்காலத்தில் தனக்கு இது தேவை, கோடையில் ஒருநாள் வேண்டாம் என்றால் அப்புறம் குளிர்காலத்துக்கு வராது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்குவதாகச் சொன்னார். இதை அள்ளிக்கொண்டு போக யாராவது வரமாட்டார்களா என்று கிறிஸ்துமஸிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நீ தினம் இங்க வந்து வண்டியை மெதுவாக்கிட்டுப் போற. நான் அழுகிப்போன குவியலை வச்சுக்கிட்டு முழிக்கிறதை வேடிக்கை பாக்கத்தான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, க்ளைவ்."

"ராஸ் வீட்டுக்கா? மண்டபத்துல நான் வாயை விட்டதுக்கு அப்புறமா?"

நோரீன் வண்டிக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. வேண்டாம் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொள்ளாத ராஸ்மேலா, சிரித்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கிய க்ளைவ்மேலா, லாரி காலியானால் போதும் என்கிற டெரிமேலா? மூன்று வாரம் வளைவில் வண்டியை மெதுவாக்கிவிட்டுப் போனது அவர்கள் யாரும் இல்லை. நேற்று இந்நேரம் மேவிஸ் முற்றத்தில் நின்றது. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஒருமுறை அடித்தாள். பிறகு ட்ரெய்லரைக் கொண்டுவர மேலே போனாள்.

ட்ரெய்லர் நிறையக் கேரட்டோடு அவள் முற்றத்துக்குள் வந்தபோது ராஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். எங்கிருந்து என்று கேட்கவேண்டிய அவசியமில்லை.

"அவன் குப்பை எனக்கு வேண்டாம், நோர்."

"உனக்கு இல்ல. மாட்டுக்கு."

ராஸ் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வேலிக் கம்பியோரம் அவள் ஒருத்தியாகத்தான் கேரட்டைப் பரப்பினாள். மாடுகள் ஓடிவந்தன. ஓடிவந்து, முன்னால் நிற்கும் மாடு இல்லாததால் எங்கே வரிசை தொடங்குவது என்று தெரியாமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.

பால் மட்டம் இறங்குவது நின்றது. ஏறவில்லை. கன்று ஈன்று இத்தனை மாதமான பிறகு ஒருதரம் இறங்கிய பால் பழைய மட்டத்துக்கு வராது என்பது ராஸுக்கும் தெரியும், நோரீனுக்கும் தெரியும். மூன்று வாரம் முன்பே போட்டிருந்தால் என்று இருவரும் நினைத்தார்கள். இந்தமுறை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

க்ளைவிடம் கேட்டது பலித்ததில் கொஞ்சம் தைரியம் வந்து, ஏப்ரலில் ஒருநாள் நோரீன் கொட்டகைக்கே போனாள். டெரியை ஓரமாகக் கூப்பிட்டு, மாடுகளுக்கு வருடம் முழுக்க ஒரே அளவு தேவைப்படாது என்று விளக்கினாள். கோடையில் தங்களுக்கு அதிகம், குளிர்காலத்தில் க்ளைவுக்கு அதிகம், வசந்தத்தில் இருவருக்குமே வேண்டாம், அப்போது நிலத்தில் உரமாகக் கொட்டிக்கொள்ளும் காய்கறிக்காரர் யாருக்காவது அனுப்பலாம் என்றாள். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான். டெரி கேட்டுக்கொண்டான். கேலி செய்யவில்லை.

"நான் கேரட் விக்கிறவன், நோரீன். யார் மாட்டுக்கு எப்ப பசிக்கும்னு பாத்து லாரி அனுப்ப என்னால முடியாது. ஒரு பேரு, ஒரு வாசல். வண்டி காலியாகணும்" என்றான். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவன்போல, "க்ளைவ் எல்லாத்தையும் எடுத்துக்கிறார்தானே? உனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் க்ளைவின் இடம் போய்விடும். அதோடு தன் ட்ரெய்லரில் வரும் கேரட்டும் போய்விடும்.

"எடுத்துக்கிறாரு. எல்லாத்தையும்."

டெரி தலையை ஆட்டிவிட்டுக் காதடைப்பானை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

இப்போதும் லோடு முழுவதும் க்ளைவின் பெயரில்தான் வருகிறது. வேண்டியபோதும் வேண்டாதபோதும் வருகிறது. திங்கள், புதன், வெள்ளி மதியங்களில் நோரீன் ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வருகிறாள். வசந்தத்திலும் அள்ளுகிறாள். இல்லாவிட்டால் க்ளைவின் வாசலில் குவியல் பெருகி, டெரியின் கண்ணில் பட்டுவிடும். அழுகியதைத் தங்கள் நிலத்திலேயே பரப்புகிறாள். மந்தை முன்பிருந்ததைவிடச் சிறியது. சென்ற வருடம் மே மாதம்வரை பால் ஓடியது. ராஸின் இடுப்பு தேறிவிட்டது, வேலியோரம் கேரட் பரப்ப அவரும் வருகிறார். க்ளைவோடு அவர் இன்னும் பேசவில்லை.